நாற்பத்தோராவது சும்மா

“தெரிஞ்சு ஒரு பிழை என் மேசையைத் தாண்டிப் போகாது. இந்த ஜென்மத்துல மட்டும் இல்ல, அடுத்த ஜென்மத்துலயும் போகாது. வேணும்னா எழுதி வெச்சுக்குங்க. எழுதினதை மட்டும் என்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.”

போன வருஷம் பத்திரிகையின் வெள்ளிவிழாத் தேநீர் விருந்தில் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்று சார் இப்படி முழங்கினார். கைதட்டல் எழுந்தது. ஆசிரியர் மட்டும் தட்டவில்லை. அவருக்கு மனமில்லாமல் இல்லை. ஒரு கையில் பிஸ்கட், மறு கையில் கோப்பை.

ஒற்று சார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. மாதம் இருமுறை வெளிவரும் அந்தக் கதைப் பத்திரிகையில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவர் அவர். உலகம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்ட க், ச், த், ப் ஆகிய நான்கு அனாதைகளையும் தேடிப் பிடித்து உரிய இடத்தில் குடிவைப்பதே தம் பிறவிப்பயன் என்று வாழ்ந்ததால் அச்சகத்தில் யாரோ வைத்த பெயர் அது. யார் வைத்தது என்று அவர் விசாரிக்கவில்லை. பெயரின் நடுவே ஒரு ‘ச்’ வேண்டுமா என்று மட்டும் பார்த்தார். ‘சார்’ ஆங்கிலச் சொல், வேண்டியதில்லை. ஏற்றுக்கொண்டார்.

வீட்டிலும் அவர் ஓய்வெடுத்ததாகச் சரித்திரம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு, வரப்போகும் மனைவி ஆசையாக எழுதிய முதல் கடிதத்தில் ஏழு பிழைகள் இருந்தன. அவற்றைச் சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் விளக்கமும் எழுதி, ‘மிகுந்த அன்புடன்’ என்று முடித்துத் திருப்பி அனுப்பினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு அவருக்கு எழுத்தில் எதுவும் தந்ததில்லை. மளிகைப் பட்டியல்கூட வாய்மொழிதான்.

“எழுதிக் குடுத்தா நீங்க மார்க் போடுவீங்க. மறந்துட்டு வந்தா நான் போடுவேன். இதுதான் சரியா வருது” என்பது அந்த அம்மாளுடைய கட்சி.

இப்படிப்பட்ட ஒற்று சாருடைய வாழ்க்கையில் கலகத்தைக் கொண்டுவந்தது ஓர் அஞ்சலட்டை. ‘உங்கள் பத்திரிகையில் வருகிற எல்லாரும் எப்போது பார்த்தாலும் சும்மா, சும்மா என்கிறார்களே, அவர்களுக்கு வேறு வேலையே இல்லையா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆசிரியருக்குச் சுருக்கென்றது.

“சார், இனிமே நம்ம புஸ்தகத்துல சும்மா இருக்கக் கூடாது.”

“நாம சும்மா இருக்கக் கூடாதா, சும்மாங்கற சொல் இருக்கக் கூடாதா?” என்று ஒற்று சார் தெளிவு கேட்டார்.

“ரெண்டும்தான்.”

ஒற்று சார் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். சும்மா வந்தேன், வந்தேன் ஆயிற்று. சும்மா சிரித்தாள், சிரித்தாள் ஆயிற்று. ஒரு கிழவர் வெறுமனே ‘சும்மா’ என்று பதில் சொல்லியிருந்தார், அவரை மௌனமாக்கினார். மொத்தம் நாற்பத்தொரு சும்மா அன்று மாண்டன. அவற்றில் நாற்பதுக்காக யாரும் கண்ணீர் விடவில்லை.

நாற்பத்தோராவது, தொடர்கதையின் அறுபத்திரண்டாம் அத்தியாயத்தில், கடைசி வரியில் இருந்தது.

அந்தத் தொடரில் ஓர் அண்ணன்காரன். கூடப் பிறந்த தங்கைக்குக் கெடுதல் செய்வதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லாதவன். அவளுக்கு வந்த கடிதங்களை எரித்தான், அவள் வைத்த கடையை மூட வைத்தான், அவள் கல்யாணத்தை இரண்டு தடவை நிறுத்தினான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அறுபத்திரண்டாம் அத்தியாயத்தில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறாள். எழுத்தாளர் அம்மா எழுதி அனுப்பியது இது: ‘அண்ணன் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண்கள் சிவந்தன. “அவளைச் சும்மா விடமாட்டேன்” என்றான்.’

அச்சில் வந்தது இது: ‘அவன் கண்கள் சிவந்தன. “அவளை விடமாட்டேன்” என்றான்.’

வேறொருவர் கைபட்டிருந்தால் சும்மாவை அடித்துவிட்டு, அதற்கு முன்னால் இருந்த ‘ச்’சை மறந்து விட்டிருப்பார். ‘அவளைச் விடமாட்டேன்’ என்று அது பல்லிளித்துக்கொண்டு நின்றிருக்கும். இங்கே ஏதோ காணாமல் போயிருக்கிறது என்று குழந்தைக்கும் தெரிந்திருக்கும். ஒற்று சார் அப்படிச் செய்வாரா? ஒற்றையும் சேர்த்துச் சுத்தமாக எடுத்திருந்தார். கொலை நடந்த இடத்தைக் கழுவித் துடைத்துக் கோலம் போட்ட மாதிரி.

வழக்கமாக ஓர் இதழுக்குப் பன்னிரண்டு கடிதம் வரும். அதில் நான்கு, சந்தாப் புத்தகம் கிடைக்கவில்லை என்பதாக இருக்கும். இந்தத் தடவை ஒரு வாரத்துக்குள் ஒரு சாக்கு வந்தது. ‘கடைசியில் அண்ணன் மனிதனாகிவிட்டான்’ என்றது ஒரு கடிதம். ‘கண்கள் சிவந்தன என்ற இரண்டே சொல்லில் அவன் அழுததைக் காட்டிவிட்டீர்கள்’ என்றது இன்னொன்று. ஆசிரியர் சாக்கைத் தடவிக்கொடுத்தார்.

ஒற்று சாருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவன் எப்போது திருந்தினான்? கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தார். அங்கே சும்மா, தம் சிவப்புக் கோட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. கை தம்முடையதேதான். ஆனால் இது எந்த வகைப் பிழை? எழுத்துப்படி சரி. இலக்கணப்படி சரி. சந்திப்படி, அவரே சொல்லக் கூடாது, அற்புதம். கதைப்படி மட்டும் தலைகீழ். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு ஜந்துவை அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் கடமை கடமைதான். ‘திருத்திப் படிக்கவும்’ என்று தலைப்பிட்டு, பக்கம், பத்தி, வரி எல்லாம் குறித்து ஒரு சிறு அறிவிப்பை எழுதி அடுத்த இதழுக்காக அச்சுக் கோக்கக் கொடுத்தார்.

சாக்குக்குள் ஓர் அழைப்பும் இருந்தது. ஞாயிறு காலை வாசகர் வட்டத்தில், ‘தொடர்கதை மாந்தர் வளர்வதும் மாறுவதும்’ என்று கலந்துரையாடல். அழைப்பில் மூன்று பிழைகள். என்னதான் பேசுகிறார்கள் என்று பார்த்துவிடலாமென ஒற்று சார், தாம் யார் என்று சொல்லாமல், ஒற்றனாகவே போனார்.

சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள். கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் பேச்சுக்கு நடுவே புஸ்ஸென்று வந்துபோனது. தலைமை, பல் டாக்டர். எதிர்க்கட்சி, வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கிறவர்.

“பத்தொன்பதாவது அத்தியாயத்துலயே நான் சொன்னேன்” என்றார் டாக்டர். “பூனைக்குப் பால் வெச்சான் பாருங்க. அன்னைக்கே அவனுக்குள்ள முளை விட்டாச்சு.”

“அந்தப் பூனை செத்துப்போச்சே டாக்டர்.”

“வயசாகிச் செத்துது.”

“பால் குடிச்சப்புறம்தானே செத்துது?”

அந்தப் பூனை வருவது அடுத்த பக்கத்துத் தொடரில் என்று சொல்ல ஒற்று சாரின் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டார்.

“மனுஷன்லாம் மாற மாட்டான் டாக்டர். இருபது வருஷமா அதே வீடுங்களுக்குப் போறேன். அதே திட்டு. அதே நாய்.”

“பால் பல்லே விழுந்து வேற பல்லு முளைக்குது. மனசு மாறக் கூடாதா?”

“ரெண்டாவது பல்லும் சொத்தையாத்தானே உங்ககிட்ட வருது?”

சிரிப்பு அடங்கியதும் டாக்டரின் பார்வை கடைசி வரிசைக்கு வந்தது. “புதுசா வந்திருக்கீங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

ஒற்று சார் எழுந்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. “அந்தக் கடைசி வரியில... ஒரு சொல் குறையுதோன்னு தோணுது.”

டாக்டர் மேசையைத் தட்டினார். “அதேதான்! அந்த ஒரு சொல்லைச் சொல்லாம விட்டாங்க பாருங்க, அதுதான் எழுத்து! கேட்டீங்களா மீட்டர்? ஐயா எவ்வளவு நுணுக்கமாப் படிச்சிருக்கார்!”

அறையே கைதட்டியது. ஒற்று சார் உட்கார்ந்தார். தாம் சொன்னது என்ன, அவர்களுக்குக் கேட்டது என்ன என்று புரியவில்லை. ஒருவேளை அண்ணன் உண்மையிலேயே திருந்தித்தான் விட்டானோ, தாம்தான் கவனிக்கவில்லையோ என்று ஒரு கணம் தோன்றியது.

அப்போது ஜன்னலோரம் இருந்த பெண் எழுந்தார். துணிக்கடையில் கால்சட்டை மடித்துத் தைத்துக் கொடுக்கிற தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

“எனக்குக் கதையப் பத்திப் பேசத் தெரியாதுங்க. எங்க அண்ணன் என்கூடப் பேசி ஒன்பது வருஷம் ஆச்சு. எங்க அம்மா படத்தை யார் வீட்டுல மாட்டறதுன்னு ஆரம்பிச்சுது. எங்கெங்கயோ போயிடுச்சு. வியாழக்கிழமை போன் பண்ணாரு. ‘அந்தத் தடியனே தங்கச்சிய விடமாட்டேன்னுட்டான், நான் அவனைவிடக் கேவலமாப் போயிட்டேனா’ன்னாரு. அப்புறம் அழுதாரு. நானும் அழுதேன். வெள்ளிக்கிழமை அடுத்த புஸ்தகம் வருதுல்ல, அதைப் படிச்சிட்டு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருக்காரு.”

“ஏன், படிக்காம வரக் கூடாதாமா?” என்றார் மீட்டர்காரர்.

“அவரு அப்படித்தாங்க. ஒரு தைரியத்துக்கு. முதல் வரியிலேருந்து அச்சிட்டவங்க விலாசம் வரைக்கும் ஒண்ணு விடாம படிப்பாரு.” அவர் நாடாவை விரலில் சுற்றினார். “அந்த ஆளு மறுபடி மாறிட மாட்டான்ல டாக்டர்?”

“மாற மாட்டான். நான் கியாரண்டி” என்றார், பல்லுக்கே கியாரண்டி தராத டாக்டர்.

ஒன்று விடாமல் படிக்கிறவர். ‘திருத்திப் படிக்கவும்’ எட்டாம் பக்கத்தில், கட்டம் கட்டி வரப்போகிறது. ஒற்று சார் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டில் மனைவி அதே இதழை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். “அண்ணன்காரன் திருந்திட்டானே, பாத்தீங்களா?”

“அவன் திருந்தலை. நான் திருத்தினேன்” என்று சும்மா மாண்ட கதையை ஒற்று சார் சொல்லி முடித்தார்.

மனைவி அந்தப் பக்கத்தை மறுபடி திருப்பிப் பார்த்தார். “திருந்தினான், திருத்தினான். ஒரு எழுத்துதானே வித்தியாசம்?”

“ஒரு எழுத்துதானேவா? ஒரு எழுத்துக்காகத்தான் நான் இருபத்தாறு வருஷமா உசிரோட இருக்கேன்!”

“அது சரி. நீங்க எனக்குத் திருப்பி அனுப்பின கடுதாசியில அத்தனையும் சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் ஒரு மாசம் அழுகையா வந்துச்சு.”

இது எப்போது நடந்தது என்று அவர் திகைத்தார். கேட்பதற்குள் அந்த அம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை எழுத்தாளர் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மதிய இடைவேளையில் ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“ஒற்று சார், எனக்கே குழப்பமா இருக்கு. மூணு பத்திரிகைக்கு மூணு தொடர் எழுதறேன். எவன் எங்க திருந்தினான்னு யாருக்கு ஞாபகம்? எல்லாரும் போன் பண்ணிப் பாராட்டறாங்க. அந்தக் கடைசி வரியில நான் சும்மா போட்டிருந்தேனா இல்லையா?”

“சும்மா போட்டிருந்தீங்களான்னா?”

“சும்மான்னு போட்டிருந்தேனான்னு கேக்கறேன். நீங்கதானே பிரதியைப் பாத்தவர்?” பையிலிருந்து இரண்டு உறைகளை எடுத்து மேசையில் வைத்தார். “ரெண்டு விதமா எழுதிக் கொண்டாந்திருக்கேன். இதுல ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய்த் தங்கச்சி வீட்டை நொறுக்கறான். இதுல பஸ் ஏறித் தங்கச்சியப் பாக்கப் போறான். சும்மா இருந்துச்சுன்னா முதல் உறை, கூடவே ஒரு திருத்தமும் போட்டுடுங்க. படிக்கறவங்களை ஏமாத்தக் கூடாது. உங்க வார்த்தைதான் எனக்குச் சாட்சி. நீங்க தப்பு விட மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்.”

பிரதி, ஒற்று சாரின் முழங்காலுக்கு நான்கு விரல் தள்ளி, இழுப்பறைக்குள் இருந்தது. அதில் சும்மா இருந்தது. அவர் இழுப்பறையைப் பார்த்தார். பிறகு இரண்டு உறைகளையும் பார்த்தார். இரண்டும் ஒரே கனம், ஒரே நிறம். எது எது என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“பாத்தேம்மா” என்றார்.

“இருந்துச்சா?”

“இல்ல.”

ஒரே சொல். எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழை இல்லை.

“அப்பாடா” என்று எழுத்தாளர் அம்மா முதல் உறையைப் பைக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டார். “நல்லா எழுதியிருக்கேன் இல்ல நான்?”

“நல்லா எழுதியிருக்கீங்க.”

புதன்கிழமை பக்கங்கள் அச்சுக் கோக்கப்பட்டு மேசைக்கு வந்தன. அறுபத்து மூன்றாம் அத்தியாயத்தில் அண்ணன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒற்று சார் மூன்று இடங்களில் ஒற்று போட்டார். எட்டாம் பக்கத்துக்கு வந்ததும் ‘திருத்திப் படிக்கவும்’ கட்டத்தின் நான்கு மூலையையும் தொட்டுக் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். காலியான இடத்துக்கு, சந்தாதாரர்கள் விலாச மாற்றத்தை உடனே தெரிவிக்கும்படி ஒரு வேண்டுகோளை எழுதிச் சேர்த்தார்.

ஒவ்வோர் இதழும் அச்சுக்குப் போகுமுன் முதல் பக்கத்தின் அடியில் அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அது அலுவலகத்தின் விதி. பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு வழக்கத்தைவிடச் சிறிய எழுத்தில், ‘முழுதும் பார்த்தேன். பிழை ஏதும் இல்லை’ என்று எழுதி, தேதி போட்டு, அச்சகத்துக்கு அனுப்பினார்.