நம்ம பணம்

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து நான் ஓய்வு பெற்ற வாரமே, அறந்தாங்கியில் என் வீட்டைத் தேடி ஒரு முதலீட்டு ஆலோசகர் வந்துவிட்டார். மொடமொடவென்று வெள்ளைச் சட்டை, ஆளுக்கு முன்னால் வந்து நிற்கும் செண்ட் வாடை, கல்யாண மண்டப வாசலில் நிற்பவரைப் போல ஒரு சிரிப்பு.

அவருக்கு எல்லாமே 'நம்ம'தான். ஷூவைக் கழற்றும்போதே "நம்ம வீடு நல்ல காத்தோட்டம்மா" என்றார். குடித்தது நம்ம காபி. ராத்திரி ட்யூட்டியாகப் பார்த்து நான் சேர்த்ததெல்லாம் நம்ம பணம்.

"நம்ம பணத்தை பேங்க்ல தூங்க விடக் கூடாதும்மா. பூராவையும் ஷேர் மார்க்கெட்ல போட்டுருவோம்."

ஊசி போடுமுன் குழந்தைகளிடம் நானும் "நாம ஊசி போட்டுக்குவமா?" என்றுதான் கேட்பேன். வலி யாருக்கு என்பது எனக்குத் தெரியும்.

அவருடைய அப்பாவும் அரசு வேலையில் இருந்தவர் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்.

"ஒங்க அப்பா பணத்தை எதுல போட்டீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா பணமா?" பதறிப்போனார். "அது போஸ்டாபீஸ்ல இருக்கும்மா. வயசான காலத்துல அவுக ரிஸ்க் எடுக்க முடியுமா?"

பணப் பேச்சில் அவர் வாயிலிருந்து 'எங்க' வந்தது அப்போதுதான். பொய் கலக்காமல் அவர் பேசியதும் அது ஒன்றுதான்.

"அப்ப எங்க பணமும் அங்கிட்டே போகட்டும்" என்று எழுந்தேன்.

மனிதர் கூச்சமே படவில்லை. வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"நம்ம தெருவுல வேற யாரும்மா ரிட்டயர் ஆகப்போறாக?"