கொதிக்க வைத்த புட்டி

டொராண்டோவில் குழாயைத் திறந்து அப்படியே தண்ணீர் குடிக்கிறார்கள். மூன்று வருடமாகியும் எனக்கு மனம் ஒப்பவில்லை, காய்ச்சித்தான் குடிக்கிறேன். போன மே மாதம் எட்டு மாதக் குழந்தையோடு கோவைக்குக் கிளம்பியபோது, பால்மாவு டின்களோடு அந்தப் பயத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போனேன்.

அதற்கு மூன்று வாரம் முன்னால், தடுப்பூசி போட்ட நர்ஸ், "இன்னும் தாய்ப்பால்தானா?" என்று புருவத்தை உயர்த்தினாள். குறை சொல்கிறாள் என்று நினைத்தேன். பாராட்டியிருக்கவும் கூடும், கேட்க வெட்கம். அன்றே நிறுத்திவிட்டேன். ஊரில் பத்துப் பேர் நடுவே மாராப்பை இழுத்துக்கொண்டு உட்கார வேண்டாம், டின் சுத்தம் என்று எனக்கே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

கோவையில் கணபதி என்ற பகுதியில், லேத் பட்டறைக்குப் பக்கத்தில் என் கணவரின் அக்கா வீடு. அங்கே புட்டியையும் அதன் ரப்பர் காம்பையும் இருபது நிமிடம் கொதிக்க வைப்பேன். அக்கா சிரிப்பார். "ஏனம்மணி, எங்க கையையும் அந்தச் சட்டியில ஒரு கொதி உட்டுப்போட்டா குழந்தையத் தூக்கலாமா?"

ஐந்தாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை. வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று நான் பாலையும் நிறுத்தினேன். அழுதான், கண்ணீர் வரவில்லை. அக்காதான் ஆட்டோ பிடித்தார்.

டாக்டரம்மா உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே கேட்டார்: "தாய்ப்பால் குடுக்கறதில்லீங்களா?"

"நிறுத்திட்டேனுங்க. டின் பால்தான். எல்லாம் காய்ச்சித்தானுங்க குடுத்தேன்."

"பையன் மிச்சம் வெச்சா என்ன பண்ணுவீங்க?"

மிச்சத்தை அவன் மறுபடி கேட்கும்வரை மேசையில் வைத்திருப்பேன். டொராண்டோவிலும் அப்படித்தான். கோவையின் மே மாத வெயிலை நான் நினைக்கவே இல்லை.

"பட்டினி போடாதீங்க. கரைசல் குடுங்க, கஞ்சி குடுங்க. புட்டியத் தூக்கிப் போட்டுப்போட்டு மாருல போடுங்க கண்ணு. இந்த ஊருக் கிருமிய உங்க உடம்பு பார்த்துச்சுன்னா, அதுக்கான எதிர்ப்பப் பால்ல வெச்சுக் குடுக்கும். டின்னுக்கு என்ன தெரியும்?"

"வத்திப்போச்சுங்களே."

"போட்டுட்டே இருங்க, வரும்."

வரவில்லை. சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி அழுவான். கரைசலும் அரிசிக் கஞ்சியும்தான் அவனைப் பிடித்து நிறுத்தின. அக்கா கேலியை விட்டுவிட்டு அறை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினார். "பையன் பால் குடிக்கறானுங்க, அப்புறம் வாங்க." ஒரு சொட்டும் வராத நாட்களிலும் அதையேதான் சொன்னார். மாரில் போடத் தொடங்கிய ஆறாம் நாள், அவன் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

இப்போது டொராண்டோவில் பனி. மடியில் கிடந்து குடிக்கிறான். என் உடம்பு எந்த ஊர் நோய்க்குக் காவல் சுரக்கிறதோ தெரியவில்லை. கணபதியை மறந்துவிடாதே என்று அதனிடம் கெஞ்சுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமுகிறது. இந்த ஊரையும் சீக்கிரம் கற்றுக்கொள் என்று உடனே கெஞ்சுகிறேன்.