முகம் படித்த இயந்திரமும் என் கறுப்புக் கோட்டும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத இந்தக் கைகள் என்னென்ன செய்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிண்ணியாவிலிருந்து உடுத்த சாரத்தோடு திருகோணமலைக்கு வந்தவன் நான். வெள்ளைக்காரக் கப்பற்படைக்குப் படமெடுத்த துரை ஒருவரின் முக்காலியைச் சுமந்து தொழில் பழகினேன். அவர்கள் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் தள்ளிய உடைசலுக்குள் ஒரு கப்பல் விளக்கைப் பொறுக்கி, பால்மா டின்னைப் பொருத்தி, படம் பெருப்பிக்கும் கருவி செய்தேன். கடைக்குப் பின்னால் இருந்த குசினியை இருட்டறை ஆக்கினேன். அதுமுதல் முற்றத்தில் சமைத்த என் மனைவி, அது தன்னுடைய சாதனை என்பாள், சொல்லிக்கொள்ளட்டும். மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரைச்சீலையும் என் கைவேலைதான். இவ்வளவும் ஊருக்குத் தெரியும். சீமையில் ஓர் இயந்திரம் மனித முகத்தை இனங்காணப் பழகியது என் கடைப் படங்களை வைத்துத்தான் என்பது மட்டும் இன்னும் தெரியாது.

அதே ஏலத்தில் எடுத்ததுதான் அந்தக் கறுப்புக் கோட். எந்த மலை போன்ற மனிதனுக்குத் தைத்ததோ, எங்கள் ஆட்கள் இரண்டு பேர் உள்ளே நிற்கலாம். முதுகுப் பக்கம் துணி காயப்போடும் கவ்விகளால் இறுக்கிவிடுவேன். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். கல்யாண மாப்பிள்ளையோ கப்பலில் மூட்டை இறக்குபவரோ, என் கடைக்கு வந்தால் அந்தக் கோட்டுக்குள் புகுந்து, பவுடர் பூசி, தலையைப் படிய வாரித்தான் உட்காருவார். அம்மைத் தழும்பு, வெட்டுக்காயம் எதுவும் படத்தில் இராது. பென்சிலால் தடவி அழித்துவிடுவேன். அதுதான் என் கடை எடுத்த நல்ல பெயர்.

அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க ஊரே வரிசையில் நின்ற காலம். பக்கத்து வளவுக்காரரின் மகன் சீமையில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். விடுமுறையில் வந்தவர் கடைக்குள் நுழைந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடும்.

"காக்கா, ஆளை முகத்தால கண்டுபிடிக்க ஒரு மெஷினுக்குப் பழக்கிறன். எனக்கு எங்கட ஊர் முகங்கள் வேணும். ஒரே ஆளை ரெண்டு தரம், சில மாசம் விட்டு எடுக்கோணும். நேரா பாக்கச் சொல்லுங்கோ."

"கண்டுபிடிச்சு என்ன செய்யப் போகுது, தம்பி? கடன்காரனைப் பிடிக்கவா?"

"முதல்ல பிடிக்கட்டும், காக்கா. பிறகு யோசிப்பம்."

ஊரின் முகம் சீமைக்குப் போகிறது என்றால் சும்மாவா அனுப்புவேன்? நான் உட்பட ஒவ்வொருவருக்கும் கோட் மாட்டி, பவுடர் பூசி, இரண்டு தரம் எடுத்து, தழும்பெல்லாம் துடைத்து அனுப்பினேன். அது பிழை என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோட் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையே.

அடுத்த விடுமுறைக்கு வந்தவரின் முகம் வாடிக் கிடந்தது.

"மெஷின் எல்லாரையும் ஒரே ஆள் எண்டு சொல்லுது, காக்கா. அது எங்களைப் போல பாக்கிறேல்ல. எங்க கறுப்பு, எங்க வெள்ளை எண்டுதான் பாக்கும். படத்தில பாதி உங்கட கோட். அது கோட்டைத்தான் பிடிச்சு வச்சிருக்கு."

"அப்ப உங்கட மெஷினில பிழையே இல்ல. அது ஒரே கோட்தானே!"

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. படத்தைக் கழுத்துக்குக் கீழே வெட்டியும் பார்த்தாராம். எஞ்சியதெல்லாம் ஒரே பவுடர், ஒரே வகிடு, என் பென்சில் தடவிய ஒரே கன்னம். இந்த முறை உள்ளபடியான முகங்களைக் கொண்டுபோகாவிட்டால் அவருடைய பேராசிரியர் இந்த ஆராய்ச்சியை நிறுத்தி வேறு வேலை கொடுத்துவிடுவாராம். விடுமுறை முடியப் பத்துப் பதினைந்து நாள்தான் இருந்தது.

"படம் பிடிக்கிறது என்ட பொறுப்பு" என்றேன்.

பொறுப்பெடுத்த பிறகுதான் ஊரின் குணம் தெரிந்தது. கோட் இல்லாமல் உட்கார ஒருவரும் சம்மதிக்கவில்லை. மூதூர்ப் புடவை வியாபாரி ஒருவர் வாசலிலேயே திரும்பிவிட்டார்.

"போன முறை துரை மாதிரிப் போனனான். இந்த முறை களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரிப் போகவா? ஏலாது காக்கா."

சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவரும் படகு முதலாளி, எங்கள் சம்மாட்டியார், இன்னும் ஒரு படி மேலே போனார். "கோட் கிழிஞ்சு போச்செண்டு சொல்லுங்கோவன். நாங்க காசு சேத்துப் புதுசு வாங்கித் தாறம்."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு ரோசம் வந்தது. சட்டையைக் கழற்றி எறிந்தேன். பவுடர் இல்லை, சீப்பு இல்லை, பெனியனோடு விளக்குக்கு முன் உட்கார்ந்து, "தம்பி, கமராப் பொத்தானை அமத்துங்க" என்றேன். கன்னத்து அம்மைத் தழும்பு, பல வருடமாக என் பென்சில் மறைத்து வைத்தது, அப்படியே விழுந்தது. அதைப் பெரிதாக்கிக் கடை முகப்பின் கண்ணாடிப் பெட்டிக்குள், மாப்பிள்ளை பெண் படங்களுக்கு நடுவில் தொங்கவிட்டேன்.

மனைவி வந்து பார்த்தாள். "கடையை மூடப் போறீங்க எண்டா என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

ஊர் கூடிச் சிரித்தது. சிரிக்க வந்தவர்களில் முதல் ஆள் அந்தச் சம்மாட்டியார்தான். கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தார். "காக்கா, உங்களுக்கும் அம்மை வந்ததா? நான் எனக்கு மட்டும்தான் எண்டு இருந்தன்." பிறகு உள்ளே வந்து, சட்டைப் பொத்தானைத் தானே அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்கள் வந்தார்கள். புடவை வியாபாரி கடைசி நாள் வந்தார், சட்டையைக் கழற்றவில்லை, பவுடரை மட்டும் விட்டுக்கொடுத்தார்.

புறப்படும்போது தம்பி பழைய கோட் படங்களை ஒதுக்கி வைத்தார். நான் அவற்றையும் கட்டுக்குள் திணித்தேன்.

"ரெண்டையும் கொண்டு போங்க. ஒரே ஆள் கோட்டோட, அதே ஆள் கோட்டில்லாம. மூளை இருக்கிற மெஷின் எண்டா சோடி சேக்கட்டும்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "காக்கா, அதுதான் சரியான பரீட்சை" என்றார். இந்த வார்த்தைக்கு என் மனைவி சாட்சி.

இயந்திரம் அந்தப் பரீட்சையில் தேறியது. எல்லாச் சோடியும் அல்ல, ஆனால் பேராசிரியர் வாயை மூடும் அளவுக்குத் தேறியது. முதலில் சரியாகச் சேர்ந்த சோடி யாருடையது? என்னுடையது. தம்பி டாக்டர் பட்டத்தோடு வந்து, தன் ஆராய்ச்சியை எழுதிய தடித்த அட்டைப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் நான் கோட்டோடு, பக்கத்தில் நான் பெனியனோடு.

நன்றி சொன்ன பக்கத்தையும் விரிக்கச் சொன்னேன். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் என் பெயர் எந்தக் கூட்டத்துக்குள் நின்றாலும் கண்டுபிடிப்பேன். பேராசிரியர் இருந்தார். இயந்திர அறைக்காரர் இருந்தார். தட்டச்சு செய்த பெண்மணி இருந்தார். நான் இல்லை.

"உங்கட முகமே புத்தகத்தில இருக்கே, காக்கா!"

"முகத்தை மெஷின் கண்டுபிடிச்சிட்டுது, தம்பி. பேரை நீங்கதான் போடணும்."

அடுத்த பதிப்பில் கட்டாயம் என்றார். அதன் பிறகு அவர் வேறு புத்தகங்களும் எழுதிவிட்டார். விரல் ரேகை ஆராய்ச்சிக்கும் போய்விட்டார். எனக்குச் சந்தோசம்தான், எங்கள் ஊர்ப் பிள்ளை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். பேராசிரியருக்கு அடுத்த வரியில், அவருக்குப் போட்ட அதே பருமன் எழுத்தில் என் பெயர், அதன் கீழே என் கடைப் பெயர், பக்கத்தில் திருகோணமலை. சம்மாட்டியாரையும் சேர்க்கலாம். கோட்டையும் சேர்க்கலாம், ஆனால் எனக்குக் கீழே.