ஜன்னலை மூடச் சொல்லும் உத்தியோகம்

ரேடான் டெஸ்ட் என்பது, கண்ணுக்குத் தெரியாத, மணமும் நிறமும் இல்லாத ஒரு வாயுவைத் தேடிப் போய், கண்ணுக்குத் தெரிகிற அத்தனை பேரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு வருகிற வேலை.

நியூஜெர்சியில் தரைக்கடியில் பேஸ்மெண்ட் வைத்த வீடு வாங்கி அவதிப்பட்ட உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி. பூமிக்கு அடியில் பாறையிலிருந்து கிளம்பும் இந்த வாயு, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் வந்து தங்கிவிடும். ஒரு நாளில், ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். அளவு நாலைத் தாண்டினால் வீட்டைச் சரி பண்ண வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில், வேலைக்குப் போக அனுமதியில்லாத விசாவில் சுவரை முறைத்துக்கொண்டிருந்த எனக்கு, கிரீன் கார்டு வந்த கையோடு கிடைத்த வேலை இது. "எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரி படிச்சது ஊரான் வீட்ல டப்பா வெக்கறதுக்கா?" என்று அப்பா ஈரோட்டிலிருந்து போனில் கேட்டார். ஆமாம், டப்பாதான். உள்ளே கரித்தூள் அடைத்த, உள்ளங்கை அகல டப்பா. அதை பேஸ்மெண்டில் திறந்து வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து மூடி, லேபுக்கு அனுப்ப வேண்டும். அதுவரை வீட்டு ஜன்னல்களைத் திறக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. இதை நம்மவர்கள் எந்த அழகில் கடைப்பிடித்தார்கள் என்று இனிமேல் சொல்கிறேன்.

டப்பாவுக்குப் பொட்டு

எடிசனில் புது வீடு வாங்கிய லதா என்ற பெண், நான் பேஸ்மெண்டில் டப்பா வைத்ததைப் பக்கத்திலேயே நின்று பக்தியாகப் பார்த்தாள். மூன்றாம் நாள் போனால் டப்பாவைக் காணோம். தேடினால், மாடியில் சாமி அலமாரியில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. "வீட்டைக் காப்பாத்தற சாமான்னு சொன்னீங்களே, அதைப் போய்த் தரையில வெக்கலாமா?" என்கிறாள். அதுகூடப் போகட்டும். டப்பா மூடியிருந்தது. மூடிய டப்பாவுக்குள் ரேடான் எந்த வழியாகப் போகும்? எனக்குத் தலை சுற்றியது. அவள் முகத்திலோ பெருமை தாங்கவில்லை.

"விபூதி உள்ள விழுந்துடக் கூடாதேன்னு நல்லா இறுக்கி மூடி வெச்சேங்க."

நாலரை போதும்

வீடு வாங்கும்போது ரேடான் அதிகம் என்று தெரிந்தால், சரி பண்ணும் செலவை வாங்குபவர் விலையில் குறைத்துக் கேட்பார். அதனால் டப்பா வைக்கப் போகும்போது விற்பவர் என்னை எமனைப் போலப் பார்ப்பார். வாங்குபவர் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியைப் போல உபசரிப்பார். முரளி என்ற கம்ப்யூட்டர் இளைஞர் ஒரு படி மேலே போய், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காதோடு காதாகச் சொன்னார்.

"மேடம், ஒரு நாலரை வர மாதிரி வைங்க, விலை பேசிக்கலாம்; ஆனா அஞ்சுக்கு மேல போயிட வேணாம், வைஃப் பயப்படுவா."

கருவாடும் ஃபயர் இன்ஜினும்

ஜன்னல் விஷயத்தில் நான் பட்ட பாடு தனி. ஜன்னலைத் திறந்தால் உள்ளே இருக்கும் ரேடான் வெளியே போய், மோசமான வீடும் நல்ல வீடாகக் காட்டும். இதை நானும் படித்துப் படித்துச் சொல்வேன். எல்லோரும் "ஓகே, ஓகே" என்பார்கள். திரும்பிப் போனால் அத்தனை ஜன்னலும் பப்பரப்பா என்று திறந்து கிடக்கும். ஒரு வீட்டில் ஹோமம், ஒரு வீட்டில் வடை, ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தது.

தூத்துக்குடியிலிருந்து வந்த ஜெயந்தி ஆன்ட்டி வீட்டில் இரண்டு முறை டெஸ்ட் பாழானது. மூன்றாவது முறை போனபோது தெருமுனையிலேயே எனக்கு விஷயம் மூக்கில் ஏறிவிட்டது. "ஆன்ட்டி, ரெண்டே நாள் கருவாடு இல்லாம இருக்க முடியாதா?" என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டுவிட்டேன். அவர் கரண்டியும் கையுமாகத் திரும்பினார்.

"கருவாடு வறுத்து ஜன்னலத் திறக்கலைன்னா புகைக்கு அலாரம் கத்தி ஃபயர் இன்ஜின் வந்துருது, ரேடான் வந்தா யாருட்டி வாரா?"

ராசமணி அக்காவின் கேள்வி

சிரித்தாகிவிட்டது. இனி சொல்லப்போவது, நான் இந்த வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்த வீட்டைப் பற்றி.

எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர டிரைவில், மேற்கே மலைச் சரிவில் இருந்த ஊர் அது. அந்தப் பக்கத்துப் பாறைக்கு ரேடானில் நல்ல பெயர் கிடையாது. வீட்டுக்காரர் பத்மநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் அக்கவுண்டண்ட். மனைவி ராசமணி. ஒரே மகள் அனுஷா, ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள். பேஸ்மெண்டுதான் அவளுக்குப் படுக்கையறை. பக்கத்து வீட்டை விற்கும்போது ரேடான் அதிகம் என்று தெரிந்து, பத்மநாதன் பயந்து போய் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

லேபிலிருந்து வந்த அளவு முப்பதைத் தாண்டியிருந்தது. போனில் சொல்ல மனம் வராமல் நேரிலேயே போனேன். பத்மநாதனை உட்கார வைத்து, "சார், இது ஆபத்தான அளவு. உடனே நடவடிக்கை எடுக்கணும்" என்று ஆரம்பித்தேன். சமையலறையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. ராசமணி அக்கா மாடிக்குப் போனார். பைப் போடலாம், ஃபேன் வைக்கலாம் என்று நான் பத்மநாதனிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா திரும்பி இறங்கி வந்தார். கையில் ஒரு சூட்கேஸ், மறு கையில் பாஸ்போர்ட்டுகள் வைத்த துணிப் பை, தோளில் மகளின் ஸ்வெட்டர். எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டு, அழவில்லை, பதறவில்லை, பஸ் நேரம் விசாரிப்பது போல என்னைக் கேட்டார்.

"தங்கச்சி, எத்தினை மணிக்குள்ள வெளிக்கிட வேணும்?"

ஒரு பைப்பும் ஒரு ஃபேனும்

அக்காவின் கையைப் பிடித்து உட்கார வைத்து, யாரும் எங்கேயும் போக வேண்டாம், 'உடனே' என்றால் இந்த மாதமோ அடுத்த மாதமோ என்று அர்த்தம், வீட்டிலேயே இருந்துகொண்டு சரி பண்ணிவிடலாம் என்று சொன்னேன். அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. "அங்கயும் பயப்பிட வேண்டாம், ரெண்டு நாளில திரும்பி வந்திடலாம் எண்டுதான் சொன்னவை" என்றார். ஊரில் குண்டு விழத் தொடங்கியபோது, உலையில் அரிசி கொதிக்கக் கொதிக்க வெளிக்கிட்டவர்களாம். கைக்குழந்தையாக இருந்த அனுஷாவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், திரும்பப் போகவே இல்லை. அந்த வீட்டுக்கு இப்போது கூரை இல்லை என்று யாரோ கடிதம் எழுதியிருந்தார்கள்.

செலவு வேறு பத்மநாதனைப் பிடித்து ஆட்டியது. நான் போன பிறகு முதலில் வந்து பார்த்த வேறொரு கம்பெனி ஆள், பேஸ்மெண்ட் தரை முழுவதையும் உடைத்துத் திரும்பப் போட வேண்டும் என்று ஒரு புதுக் காரின் விலையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தானாம். அதைக் கேட்டதிலிருந்து மனிதர் தூங்கவில்லை. வீட்டை விற்றுவிட்டு மறுபடி அபார்ட்மெண்டுக்கே போய்விடலாமா என்று மனைவிக்குத் தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளி ஃபிராங்க், முன்பு பிளம்பராக இருந்தவர், பேஸ்மெண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தரையில் ஒரு ஓட்டை போட்டு, கூரைக்கு மேல் வரை ஒரு பைப், உறிஞ்சி வெளியே தள்ள ஒரு ஃபேன், விரிசல்களுக்குப் பூச்சு, அவ்வளவுதான் என்றார். அவர் சொன்ன தொகை பழைய காருக்குக் கியர் பாக்ஸ் மாற்றுகிற செலவுதான். பத்மநாதன் அதை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். மகளும் தன் பங்குக்கு, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஃபேன்!" என்றாள். அக்கா மட்டும் அசையவில்லை.

"உங்கட ஃபேன் வேலை செய்யுது எண்டு நம்பர் வருமட்டும் சூட்கேஸ் வாசல்லதான் நிக்கும்."

மூடிய வீடு

ஃபேன் போட்ட பிறகு மறுபடி டெஸ்ட். டப்பாவை வைத்துவிட்டு, வழக்கமான ஜன்னல் பிரசங்கத்தையும் முடித்துவிட்டு வந்தேன். இந்த முறை அளவு குறையாவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

டப்பாவை எடுக்கப் போன அன்று நல்ல வெயில். கதவை முழுசாகத் திறக்காமல், ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, என்னை உள்ளே இழுத்து, உடனே சாத்தினார் அக்கா. எல்லா ஜன்னலும் மூடி, கொக்கி போட்டு, திரையும் இழுத்து விட்டிருந்தது. தாளிப்பு வாசனையே இல்லை. இரண்டு நாளும் புட்டும் இடியப்பமும் அவித்துத்தான் சாப்பாடாம். வேலைக்கும் பள்ளிக்கும் போய் வரும் நேரம் தவிரக் கதவு திறக்கவில்லை. அனுஷா உர்ரென்று சோபாவில் உட்கார்ந்திருந்தாள், சிநேகிதி வீட்டுக்குக்கூட அனுப்பவில்லையாம். டப்பா வைத்தது வைத்தபடி, திறந்தபடி, பொட்டில்லாமல் இருந்தது. என் சர்வீஸில் ஒரு தமிழ் வீட்டில் இதை நான் பார்த்ததே இல்லை. "எப்படி அக்கா சமாளிச்சீங்க?" என்று வாயைப் பிளந்தேன். அதற்கு அவர் லேசாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"ஊரடங்குக்குள்ள வருசக்கணக்கா இருந்தனாங்கள் தங்கச்சி, உங்கட ரெண்டு நாள் ஒரு நாளோ?"

நம்பர்

லேப் பேப்பர் வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் போன் பண்ணினேன். அளவு ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். முப்பதுக்கு மேல் இருந்த இடத்தில் ஒன்று! "அக்கா, வீடு நல்லா இருக்கு. எங்கேயும் போக வேண்டாம்" என்று கத்தியே விட்டேன். அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. எனக்கு நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ரிசீவரைக் கையில் வைத்தபடியே மகளைக் கூப்பிட்டார். அவர் மகளிடம் சொன்னதைக் கேட்டு, நான் அபார்ட்மெண்ட் சமையலறையில் நின்றுகொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

"பிள்ளை அனுஷா, அந்த உடுப்பெல்லாத்தையும் எடுத்து அலமாரியில அடுக்கு, சூட்கேஸைக் கொண்டுபோய் மேல வை."

ஜன்னலை மூடுங்கள் என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன என் உத்தியோகத்தில், நான் சொன்ன விதியைச் சொன்னபடி கேட்ட ஒரே வாடிக்கையாளர், நான் சொன்ன ஆறுதலை மட்டும் நம்பர் வரும்வரை நம்பாதவர்தான்.