வெறும் பையோடு வா

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்குகிறது. அரிசி மூட்டையைப் பிரித்துத் தைத்த நைலான் பை. ஒரு பக்கம் அச்சடித்திருந்த மயிலில் இப்போது கழுத்து மட்டும்தான் மிச்சம். ஒரு கைப்பிடி பச்சை. மற்றது அறுந்து போனதால் பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கட்டியது. சிஞ்ச்வட்டில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வருகிற தோழிகள் எல்லாரும் ஒரு தடவையாவது அதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார்கள், தூக்கிப் போடேன் என்று சொல்லியிருக்கிறார்கள். என் சித்தி பல வருடம் வகுப்பு நடத்தியது இந்தப் பையை வைத்துத்தான். கரும்பலகை கிடையாது, புத்தகம் கிடையாது, இதுதான். போன வாரம் எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். அதைப் படித்ததிலிருந்து கதவைச் சாத்தும்போதெல்லாம் பை கண்ணில் படுகிறது, எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அந்தச் செய்திக்கு வருவதற்கு முன்னால் சித்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் இந்த மராத்தி ஊரில் எங்கள் பக்கத்துப் பேட்டைகளான பிம்ப்ரிக்கும் கசார்வாடிக்கும் வந்து இறங்குகிற பெண்களுக்கு அவள் இந்தியும், காரியத்துக்கு வேண்டிய அளவு மராத்தியும் சொல்லிக் கொடுத்தாள். எந்த நிறுவனமும் பின்னால் இல்லை. தன் வீட்டு முன்னறை, தன் வாய், தன் கால், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்து வாக்கியங்களைச் சொல்லிப் பார்ப்பார்கள். அப்புறம் எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். காய்கறிச் சந்தை, பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, மாவு மில் என்று வகுப்பு நடக்கும், நிஜமாகவே நடக்கும். சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு சித்தி முன்னால் போவாள். அவளுக்கு இருந்தது ஒரே விதி: "வெறும் பையோட வா. திரும்பிப் போவும்போது உன் வாயால கேட்டு வாங்கினது ஏதாவது அதுக்குள்ள இருக்கணும்."

கடைசிப் பரீட்சை கொத்தமல்லி. விலைக்கு வாங்கக் கூடாது. கத்தரிக்காயோ வெண்டைக்காயோ வாங்கிவிட்டு, கொசுறாகக் கேட்டு வாங்க வேண்டும். "துட்டக் குடுத்துட்டுக் கேக்கதுக்கு யாருக்கும் வாய் வரும். சும்மா கேக்கதுக்குத்தான் தைரியம் வேணும்" என்பாள். கேட்கப் போகிறவளைக் கடை முன்னால் நிறுத்திவிட்டு, கரும்பு ஜூஸ் வண்டிப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். பக்கத்தில் நில்லுங்களேன் அக்கா என்று கெஞ்சுகிறவர்களுக்கு ஒரே பதில்தான்: "ஏட்டி, நான் நின்னா நீ என் மூஞ்சியத்தான் பாப்ப. கடக்காரி மூஞ்சிய யாரு பாக்கது?" கல்லூரி விடுமுறைகளில் நானும் ஒட்டிக்கொண்டு போவேன். இத்தனூண்டு கொத்தமல்லிக்காகக் காது மடல் சிவந்து நிற்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். "மாவ்ஷி, தோடீ கோத்திம்பீர் த்யா நா." பெரியம்மா, கொஞ்சம் கொத்தமல்லி குடுங்களேன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்கு மூச்சு வாங்கும். கடைக்காரி ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு பிடி பிய்த்துப் பைக்குள் எறிவாள். அன்றைக்குத் திரும்பி வரும்போது அந்தப் பெண் நடக்கிற நடையே வேறாக இருக்கும்.

கொரோனாவில் ஊர் அடைத்தபோது நான் இன்ஜினியரிங் கடைசி வருடம், சித்தி வீட்டில்தான் இருந்தேன். வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றிக் கொடுத்தது நான்தான். குக்கர் மேல் ஃபோனைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி சித்தியை உட்கார வைத்து, யார் எப்போது மைக்கை அணைக்க வேண்டும் என்று அவளுக்கே பாடம் எடுத்தேன். நான் ஆன்லைனுக்கு எதிரி கிடையாது; இன்றைக்கும் என் சம்பளம் அந்த வழியாகத்தான் வருகிறது. சித்தியும் அதைச் சும்மா விடவில்லை. நிஜ மருந்துக்கடைக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் ஸ்பீக்கரில் ஃபோன் போட்டுப் பேச வைத்தாள். பையைத் தன் தலைக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்தாள், எல்லார் திரையிலும் தெரிகிற மாதிரி. "பையப் பாத்துக்கிட்டே இருங்க. ஒருநாள் ஊரத் தொறப்பானுவல்லா" என்பாள்.

அந்த வகுப்பில் கசார்வாடியிலிருந்து ஒரு பெண் இருந்தாள். தென்காசிப் பக்கம். நெடுஞ்சாலை ஓரம் ஒரு வொர்க்‌ஷாப்பில் கணவனுக்கு வேலை. வீட்டில் உருப்படியான ஃபோன் ஒன்றுதான், அது அவனுடையது. அவனுக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் அந்த வாரம் ஃபோன் வேலைக்குப் போய்விடும், கூடவே அவளுடைய வகுப்பும் போய்விடும். சித்தி அவளுக்காகவே நேரத்தை மாற்றினாள். மாற்றினால், அவன் வீட்டில் இருக்கிற நேரமாக அது ஆகிவிட்டது. திரையில் அவள் முகத்துக்குப் பின்னால் மாமியாரின் சேலைக் கரை எப்போதும் தெரியும். அந்த அம்மாள் பூண்டு உரித்துக்கொண்டோ அரிசி புடைத்துக்கொண்டோ காவல் இருப்பார். சிலிண்டர் கசிகிறது என்று சொல்லு பார்ப்போம் என்று சித்தி கேட்பாள். திரைக்கு வெளியிலிருந்து ஆண் குரலில் பதில் வரும். "தம்பி, பதில் நல்லாருக்கு. உங்களுக்கு நூத்துக்கு நூறு. இனி அவ சொல்லட்டும், நீங்க போய் டீயக் குடிங்க" என்று சித்தி சொன்னதும் மற்ற கட்டங்களில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை. கை நீட்டுகிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை, காய்கறியிலிருந்து கொசுவர்த்தி வரை எல்லாவற்றையும் தானே வாங்கிவந்து வீட்டில் வைக்கிறவன். எனக்கு எரிச்சலே அதில்தான்.

ஊர் திறந்தது. சினிமாக் கொட்டகை திறந்தது, கோயில் திறந்தது, டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை. வகுப்பு இனிமேல் வழக்கம்போலத் தெருவில் என்று சித்தி அறிவித்தாள். மறுநாளே கசார்வாடிக் கணவன் நேரில் வந்துவிட்டான். அவனுக்கு ஆன்லைன் போதவில்லை போலிருக்கிறது, நேரில் வந்துதான் ஆன்லைன் போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"அவ வீட்டுலயே நல்லாத்தான படிக்கா, அக்கா. பொறவு எதுக்கு வெயில்ல அலையணும்?"

சித்தி டீ போட்டுக் கொடுத்தாள். வேலையெல்லாம் எப்படித் தம்பி போகிறது என்று கேட்டாள்.

"அத ஏன் கேக்கிய. புது மிஷின் வந்திருக்கு. டிரெயினிங்குன்னு ஃபோன்ல வீடியோ போட்டுக் காட்டுதானுவ. மிஷினக் கையால தொடாம என்னத்தக் கத்துக்கிட? சும்மா தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"அப்போ மிஷினத் தொட்டாத்தான் வரும். தெருவு மட்டும் ஃபோன்ல பாத்தா வந்துரும், என்ன?"

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அது வேற, இது வேறக்கா."

அது வேற, இது வேற. நான் உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இதைக் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அடுத்த நாட்களில் மற்றப் பெண்களின் கணவன்மாரிடமிருந்து வந்த செய்திகள் எல்லாவற்றிலும் இதே வாசனை. வசதியாக இருக்கிறது டீச்சர். பாதுகாப்பாக இருக்கிறது டீச்சர். யாருக்கு வசதி? செய்தி அனுப்பியவர்கள் அதை வொர்க்‌ஷாப் வாசலிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் வடாபாவ் கடையிலிருந்தும் அனுப்பினார்கள். அந்தப் பெண்களுக்கு வாரத்தில் கேள்வி கேட்காமல் வாசல் தாண்ட இருந்த ஒரே சாக்கு அந்த வகுப்பு. நோய் அதைக் கொஞ்ச நாள் வாங்கி வைத்திருந்தது, திருப்பித் தரும் நேரத்தில் வீட்டுக்காரர்கள் கைநீட்டி எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் வசதி.

சித்திகூட முதலில் தயங்கினாள். விட்டுவிட்டால் இதுவும் இல்லாமல் போய்விடுமே என்று இன்னும் கொஞ்ச நாள் குக்கர் முன்னால் உட்கார்ந்தாள். அந்தச் சமயத்தில்தான் கசார்வாடிப் பெண் ஒருநாள், கணவன் குளிக்கப் போயிருந்த இடைவெளியில், ஃபோன் செய்தாள். அவள் மாசமாக இருந்தாள். சில நாளாக வயிற்றில் ஒரு பக்கம் வலி. மாதாமாதப் பரிசோதனைக்கு அவன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். வலி உண்டா, எங்கே, எப்போதிலிருந்து என்று டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்றவன், ஸப் டீக் ஹை, எல்லாம் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டான். வலியை அவன் மறைக்கவில்லை, அவனுக்கே தெரியாது. வெளி ஆட்களிடம் பேசுவது தன் வேலை என்று நினைத்துப் பேசிவிட்டான். "வார்த்த எல்லாம் தெரியும்க்கா. மனசுக்குள்ள மூணு தடவ சொல்லிப் பாத்தேன். அவிய பக்கத்துல நிக்காவல்லா, வாய் தொறக்க மாட்டேங்கு" என்றாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றதும் ஃபோனை வைத்துவிட்டாள்.

சித்தி குக்கரை எடுத்து அடுப்பில் வைத்தாள். பையை ஆணியிலிருந்து கழற்றினாள். குழுவுக்குக் குரலிலேயே ஒரு செய்தி அனுப்பினாள்: "இனி ஃபோன்ல வகுப்பு கெடையாது. ஞாயித்துக்கெழம காலைல சந்தைல, ஜூஸ் வண்டிகிட்ட நிப்பேன். வெறும் பையோட வாங்க." முக்கால்வாசிப் பேர் போய்விடுவார்கள் சித்தி என்றேன். "போறவிய போட்டும்" என்றாள். போனார்கள். நன்றி டீச்சர் என்று கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்கள் வந்தார்கள், கேட்டார்கள், வாங்கினார்கள், போனார்கள். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். சித்தி வெயிலில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தையே பார்த்தாள். கடைசியில் அந்தப் பக்கமிருந்து ஒரு சேலைக் கரை வந்தது. ஃபோனில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகியிருந்த கரை. மாமியார் முன்னால், மருமகள் பின்னால். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் ஒரு அடி முன்னால் போனேன். அந்த அம்மாள் என்னைத் தாண்டிச் சித்தியின் முன்னால் வந்து நின்றார். கக்கத்திலிருந்து நாலாக மடித்த ஒரு பையை எடுத்து உதறினார்.

"டீச்சரம்மா, திரும்பி நில்லுங்க."

சித்தி திரும்பி நின்றாள். நான் நிற்கவில்லை, பார்த்தேன். காவலுக்கு உட்கார்ந்த அம்மாள் பூண்டு உரித்தபடியே எல்லாப் பாடத்தையும் கேட்டிருக்கிறார். மருமகளுக்கு முந்திக்கூடக் கற்றிருக்கலாம். அவரை யாரும் கேள்வி கேட்கவில்லை, பதில் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. கால் கிலோ வெண்டைக்காயை வாங்கிப் பையில் போட்டார். தொண்டையைக் கனைத்தார். "மாவ்ஷி, தோடீ கோத்திம்பீர் த்யா நா." கடைக்காரி எறிந்த கொத்தமல்லியை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். "இந்த ஊருக்கு வந்து மவனப் பெத்து வளத்து ஆளாக்கியாச்சு. இத்தன வருசமும் பையத் தூக்கிட்டுத்தான் வந்திருக்கேன். கேக்கது இவன் அப்பா, பொறவு இவன்" என்றார். குரலில் அழுகை இல்லை, கணக்குத் தீர்க்கிற கடுப்பு இருந்தது. பிறகு மருமகளிடம் திரும்பினார்: "நீயும் கேளு. நீ ஃபோன்ல சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு, நாளைக்கு டாக்டர்ட்ட நான்தான் கூட வருவேன். எனக்குக் கொத்தமல்லி கேக்கத்தான் தெரியும், உன் வயித்து வலி எனக்குத் தெரியாது. அத நீதான் சொல்லணும்."

அவள் கேட்டாள். குரல் மெலிந்துதான் இருந்தது. கடைக்காரி நிமிர்ந்து, இப்போதுதானே உங்க ஆளுக்குக் கொடுத்தேன் என்று மராத்தியில் கடிந்தாள். இந்த வரி எந்தப் பாடத்திலும் கிடையாது. மருமகள் மாமியாரைப் பார்த்தாள், சித்தியின் முதுகைப் பார்த்தாள். அப்புறம் கடைக்காரியைப் பார்த்தாள். "வோ உன்கா. மேரா தோ" என்றாள். அது அவங்களுது, என்னுதைக் குடு. ஜூஸ் வண்டிப் பக்கம் சித்தியின் தோள் குலுங்கியது, சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் வலியை இடம் காட்டிச் சொன்னாள். மருந்து கொடுத்தார்கள், சரியானது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

சித்தப்பாவுக்கு ஆவடிக்கு மாற்றலானதும் சித்தி போய்விட்டாள். அங்கே கல்யாணமாகி வந்திறங்குகிற பீகார்ப் பெண்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாளாம்; கறிவேப்பிலை கொசுறாகக் கேட்க வேண்டுமாம். பழைய பை எனக்கு வந்தது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் வந்தது. எங்கள் சொசைட்டி வாசலில் கூடி அங்கிருந்து சந்தைக்கு நடப்போம். இனி செயலாளரின் செய்தி: வாசலில் வெளிப் பெண்கள் கூடுவது வளாகத்துக்கு நல்லதல்ல, இக்காலத்தில் இத்தகைய வகுப்புகளை ஆன்லைனிலேயே நடத்தலாமே, அனைவருக்கும் வசதி. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். லிஃப்டில் அவரைப் பிடித்தேன். தினமும் காலையில் நம் மைதானத்தில் நடக்கிற உங்கள் பையனின் கிரிக்கெட் பயிற்சியையும் ஆன்லைனில் வைத்துக்கொள்ளலாமே அங்கிள் என்று கேட்டேன். அவர் மராத்திக்காரர், இங்கிலீஷில் சொன்னார். சொன்னது கசார்வாடிக்காரன் டீ டம்ளரை வைத்துவிட்டுச் சொன்ன அதே வாக்கியம்தான்.

இன்று ஞாயிறு. ஆணியிலிருந்து பையைக் கழற்றிக்கொண்டு கீழே போனேன். கேட்டுக்கு வெளியே கசார்வாடி மாமியார் நின்றிருந்தார், தன் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். இங்கே யாரும் நிற்கக் கூடாது என்று செயலாளர் சொல்லியிருப்பதாக வாட்ச்மேன் சங்கடத்தோடு இழுத்தான். அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நிக்கல. போறோம்" என்று தன் இந்தியில் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணிடம் என்னைக் காட்டி, "இவ கொஞ்ச நேரத்துல உனக்கு முதுகக் காட்டிட்டு நிப்பா. பயந்துராத, அதுதான் வகுப்பு" என்றார்.

பையின் அடியில் போன வாரத்துக் கொத்தமல்லி வேர் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. விதி விதிதான். பையைக் கவிழ்த்து, வாசலிலேயே நன்றாக ஒரு உதறு உதறினேன்.