ஏற்கெனவே டாக்டர்

எங்கள் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் டாக்டர் வீடு எது என்று கேட்டால், எங்கள் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். காய்ச்சலோடும் வயிற்றுவலியோடும் வந்த சிலர், உள்ளே என் அப்பா கட்டுக்கட்டாகத் துணி அடுக்கி இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குழம்பித் திரும்பிப் போயிருக்கிறார்கள். கீழே லாண்டரிக் கடை, மேலே வீடு. டாக்டர் என்பது என் அக்கா. அவளுக்குப் பட்டம் வருவதற்கு முன்னாலேயே பட்டப்பெயர் வந்துவிட்டது.

அந்தப் பெயர் வந்த கதை இதுதான். தெருமுனையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் எங்கள் கடைக்குத்தான் வெளுக்க வரும். அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது, டெலிவரிக்கு மடித்து வைத்திருந்த ஒரு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அது தரையைக் கூட்டிக்கொண்டே வர, வீடு வீடாகப் போய் எல்லாரையும் நாக்கை நீட்டச் சொன்னாள். கோட்டுக்குச் சொந்தக்காரர் அந்த நேரம் பார்த்து வந்து நின்றார். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. அவர் சிரித்துவிட்டு, தன் நாக்கையும் நீட்டிக் காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் டாக்டர். காலி மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன நான் நர்ஸ். எனக்கு அதில் இஷ்டமா என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சின்ன வயதில் அந்தப் பெயர் செல்லமாகத்தான் இருந்தது. பள்ளி முடிந்து அவள் நிஜமாகவே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்ததும் அது குத்த ஆரம்பித்தது. முதல் தடவை கிடைக்கவில்லை. அவள் ஆய்வகப் படிப்பு ஒன்றைப் படித்து, அதே தெருமுனை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்துகொண்டு, மறுபடியும் விண்ணப்பித்தாள். அப்போதும் இல்லை. கல்யாண வீடுகளில் அத்தை அவளைக் கூப்பிட்டு, “என்ன டாக்டர், இந்த வருஷமாவது டாக்டர் ஆயிடுவியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். அத்தைக்கு அது விசாரிப்பு. எனக்கு அவள் வாயில் இருக்கும் லட்டு அப்படியே தொண்டையில் மாட்டிக்கொள்ளட்டும் என்றிருக்கும்.

அத்தையையாவது மன்னித்துவிடலாம், இந்தக் கல்லூரிகளை என்ன செய்வது? நுழைவுத் தேர்வில் மதிப்பெண் வாங்கினால் மட்டும் போதாது, ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நீங்கள் ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள் என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி, ஆனால் ஒருத்தருக்கு அரைப் பக்கம் போதும், இன்னொருத்தருக்கு இரண்டு பக்கம் வேண்டும், மூன்றாமவருக்குப் பத்து வரிக்கு மேல் ஒரு வார்த்தை கூடக் கூடாது. அக்கா தன் ஆசையை நீட்டியும் சுருக்கியும், கடைக்கு வரும் சட்டைகளின் கையை அம்மா அளவு குறைப்பதைப் போல வெட்டியும் ஒட்டியும் அனுப்பினாள். இதில் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் சேவை அனுபவம் என்று ஒரு பகுதி. அதில் சம்பளம் வாங்காமல் செய்ததை மட்டும்தான் எழுத வேண்டுமாம். தினமும் விடிந்ததும் வார்டு வார்டாகப் போய், நரம்பே கிடைக்காத கிழவர்களின் கையைத் தடவித் தடவி ரத்தம் எடுக்கிறாளே, அது கணக்கில் வராது. ஏனென்றால் மாதக் கடைசியில் சம்பளம் வருகிறது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமென்று வேலைக்குப் போனவளுக்குச் சேவை மனப்பான்மை குறைவு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதற்காக அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் இலவசமாகப் பேப்பர் படித்துக் காட்டினாள். அது சேவை.

இரண்டாவது தடவையைப் போலவே மூன்றாவது தடவையும் நேர்காணல் வரைக்கும் போனாள். போன தடவையும் அதே கல்லூரி, அதே அறை, அதே மேசைக்குப் பின்னால் அதே மூன்று பேர். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் சந்தித்த பெரிய தோல்வி எது என்று கேட்டார்களாம். இதற்கெல்லாம் அழகாகப் பதில் தயார் செய்துகொண்டு போக வேண்டும், தோற்றேன், கற்றுக்கொண்டேன், மலர்ந்தேன் என்று. அக்கா அத்தனையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் போனாள். ஆனால் அந்த இடத்தில் வாய் முந்திக்கொண்டது.

“போன வருஷம் இதே ரூம்லதான் சார்,” என்று சொல்லிவிட்டாள்.

மூன்று பேரும் சிரித்துவிட்டார்களாம். அந்தச் சிரிப்பு நல்லதா கெட்டதா என்று அக்காவும் நானும் பல நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். முடிவு வந்தபோதும் தெரியவில்லை, ஏனென்றால் அவளை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. காத்திருப்புப் பட்டியலில் வைத்தார்கள். யாராவது ஒருவர் வேண்டாம் என்று விலகினால் அந்த இடத்துக்கு இவளைக் கூப்பிடுவார்கள். நுழைவுத் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண் அந்த வருஷத்தோடு காலாவதி. கூப்பிடவில்லை என்றால் முதலிலிருந்து புத்தகத்தைத் திறக்க வேண்டியதுதான்.

காத்திருப்பவளின் போன் எண் எப்படியோ ஊர் முழுக்கப் பரவிவிடும் போலிருக்கிறது. சீட்டு வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் புரோக்கர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கேயோ பெயர் கேள்விப்படாத கல்லூரியில் ஒரே ஒரு இடம் காலியாம், இன்று மாலைக்குள் சொல்ல வேண்டுமாம். வேலை நேரத்தில் அக்காவின் போன் ஆஸ்பத்திரி லாக்கரில் இருக்கும், அதனால் விண்ணப்பத்தில் இரண்டாவது எண்ணாகக் கடையின் எண்ணைக் கொடுத்திருந்தாள். அந்த எண்ணுக்கும் புரோக்கர்கள் வந்துவிட்டார்கள். அப்பா சுபாவத்தில் யாரையும் முகத்தில் அடித்தமாதிரி பேசத் தெரியாதவர். ஒரு கையில் சூடான இஸ்திரிப் பெட்டியோடு, வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், அவர்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பார். ஒருமுறை அப்படி நின்றதில் ஒரு டாக்டரின் கோட்டு முதுகில் பெட்டியின் உருவம் பழுப்பாக விழுந்துவிட்டது.

அன்று அக்காதான் அவருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். “சீட் காலியா இருக்கு, சேர்றீங்களான்னு எவனாவது கேட்டா, என் பொண்ணு ஏற்கெனவே டாக்டராயிட்டா, வேற ஆளப் பாருங்கன்னு சொல்லுப்பா. அவனே வெச்சிடுவான்.”

அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பொய் சொல்கிறோம் என்ற உறுத்தலும் இல்லை, தெருவே அவளை அப்படித்தானே கூப்பிடுகிறது. அடுத்த புரோக்கருக்கு அதைச் சொல்லிப் பார்த்தார், பட்டென்று போனை வைத்துவிட்டான். அதற்கடுத்தவனும் அப்படியே. பிறகு அப்பா அதைக் கொஞ்சம் மெருகேற்றி, நெஞ்சை நிமிர்த்திச் சொல்லத் தொடங்கினார். சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருக்கும் அம்மா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா வழக்கமான உற்சாகத்தோடு ஆரம்பித்தார். அன்று கூப்பிட்டவள் ஒரு பெண். சீட்டு ஒன்று காலியாகியிருக்கிறது, உங்கள் மகள் சேர விரும்புகிறாரா என்று மரியாதையாகக் கேட்டாளாம். இவர் தன் வசனத்தை எடுத்துவிட்டாராம்.

“அவ போனை வெக்கல பாரு. அப்படியா சார், ரொம்ப சந்தோஷம், வாழ்த்துகள்னு சொல்றா. நானும் நன்றிம்மான்னுட்டேன்.”

எல்லாரும் சிரித்தோம். அக்காதான் அதிகம் சிரித்தாள். பரவாயில்லையே, புரோக்கர்களிலும் நல்ல புத்தி உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்றாள். அவளுடைய போனிலும் அன்று ஒரு தவறிய அழைப்பு இருந்தது. தெரியாத எண்ணென்றால் புரோக்கர்தான் என்று அவள் திருப்பிக் கூப்பிடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

சில நாள் கழித்து, காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்த அக்கா, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். காத்திருப்புப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே, விண்ணப்பதாரர் விருப்பமின்மை தெரிவித்ததால் நீக்கப்பட்டது என்று இருந்தது. நான் எப்போ வேண்டாம்னு சொன்னேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு, நேரில் போனால் சரிசெய்து விடுவார்கள் என்று நான்தான் தைரியம் சொல்லி, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு கிளம்பினேன். அப்பா பெட்டியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்லூரியின் சேர்க்கை அலுவலகம் நல்ல குளிராக இருந்தது. சுவரில் சிரிக்கும் மாணவர்களின் படம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் எங்களைவிடச் சின்னவள், நல்ல மாதிரி. திரையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“உங்க நம்பருக்குத்தான் முதல்ல பண்ணேன், எடுக்கல. அப்புறம் ரெண்டாவது நம்பர். உங்க அப்பாதான் பேசினாரு. நீங்க ஏற்கெனவே டாக்டராயிட்டீங்கன்னாரு. நான் வாழ்த்துகூடச் சொன்னேனே.”

அக்கா கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு ஆத்திரம் வந்தது. நான் கூரியர் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை பார்ப்பவள். ஒரு செருப்புப் பார்சலை மாற்றிக் கொடுப்பதற்கே பெயர் கேட்போம், பிறந்த தேதி கேட்போம், உறுதி செய்ய ஒரு குறுஞ்செய்தி அனுப்புவோம். ஒருத்தியுடைய வாழ்க்கையை வேண்டாம் என்று எழுதிக்கொள்வதற்கு இத்தனை பெரிய கல்லூரிக்கு ஒரு லாண்டரிக்காரர் சொன்ன ஒரு வரி போதுமா என்று கேட்டேன். பட்டியலில் காத்திருப்பவள் எப்படி ஏற்கெனவே டாக்டராக இருக்க முடியும், ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். வேறெங்காவது இடம் கிடைத்துச் சேர்ந்ததைத்தான் பெருமையாக அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன், நிறையப் பெற்றோர் அப்படிப் பேசுவார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என் ஆத்திரத்துக்குப் போக இடம் இல்லாமல் போனது.

உள்ளிருந்து ஒரு அதிகாரி வந்தார். வேண்டாம் என்றால் அன்றைக்கே அடுத்தவரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி, அடுத்தவர் வந்து சேர்ந்தும் விட்டார் என்றார். மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார். அடுத்த வருஷம் அவசியம் விண்ணப்பியுங்கள், உங்கள் நேர்காணல் எல்லாருக்கும் நினைவிருக்கிறது என்றார். அக்கா தலையாட்டினாள். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்புதான் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் பேசினாள். இடம் காலியாகவே இல்லை, பட்டியலை மூடிவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றாள். நானும் சரி என்றேன். எங்கள் இருவருக்குமே பொய் சொல்ல வராது, இருந்தாலும் வழியெல்லாம் அதை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தோம்.

கடையில் பெட்டி அணைந்திருந்தது. பகல் நேரத்தில் அது அணைந்து நான் பார்த்ததே இல்லை. அப்பா மடிக்காத கோட்டுகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், போன் மேசைமேல் இருந்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

“அந்த வாழ்த்துச் சொன்ன பொண்ணுதானே?”

ஒத்திகை பார்த்த பொய் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்கா அவர் பக்கத்தில் போய் நின்று, “நான்தானேப்பா அப்படிச் சொல்லச் சொன்னேன்,” என்றாள். மற்றவன் எல்லாம் போனை வைத்தான், அவள் மட்டும் வைக்கவில்லை, எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும் என்று அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். அன்று யாரும் சாப்பிடவில்லை. அம்மா மட்டும் ஒரே பித்தானைத் தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. வீட்டில் இப்போது அவளை யாரும் டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. தெருவில் கூப்பிடுகிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? என்னையும் நர்ஸ் என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. அது நிற்க வேண்டும் என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், இப்போது நின்றது பிடிக்கவில்லை. அக்கா வேலை முடிந்து வந்ததும் மேலே போய் நுழைவுத் தேர்வுக்கு மறுபடியும் முதல் பாடத்திலிருந்து படிக்கிறாள்.

புரோக்கர்கள் மட்டும் ஓயவில்லை. ஆனால் அப்பா இப்போது ஒருவரையும் விரட்டுவதில்லை. எந்த அழைப்பு வந்தாலும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவன் பேசுவது முழுவதையும் கேட்கிறார். எந்தக் கல்லூரி, நீங்கள் நிஜமாகவே அங்கிருந்துதான் பேசுகிறீர்களா என்று பணிவாக விசாரிக்கிறார். வாய் கூசாமல் ஏமாற்றுகிறவனிடம்கூட ஐயா என்கிறார். எனக்கு அதைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது, அந்தப் போனைப் பிடுங்கித் தெருவில் எறியலாம் போலிருக்கிறது. ஆனால் எறிய முடியாது, அதுவும் தெரியும்.

நேற்றும் ஒருவன் கூப்பிட்டான். அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிர்முனையில் இருப்பவனுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கவே பேசினார்.

“இல்லைங்கய்யா, என் பொண்ணு இன்னும் டாக்டர் ஆகல. நீங்க சொல்லுங்க.”

மேலே அக்கா எழுந்து வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.