கெல்லரில் ஒளித்த சார்ஜர்

வேப் என்கிற மின்சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் பொய் சொல்லியிருந்தேன். சுவிஸின் ஊஸ்டர் நகரில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே உள்ள கெல்லர் அறையில்தான் அதன் பற்றரியை ஒளித்துச் சார்ஜ் பண்ணுவேன். சார்ஜர் இணையத்தில் ஆக மலிவாகக் கிடைத்தது. பற்றரி நிறைந்தாலும் அது தானாக நிற்காது.

ஒரு சனிக்கிழமை, கெல்லரில் உள்ள பொது இயந்திரத்தில் உடுப்புத் தோய்க்க எங்களுக்குரிய நாள் என்பதை மறந்து, சார்ஜரைச் செருகிவிட்டு வந்துவிட்டேன். தோய்க்கப் போன மனைவி, உருகிப்போன சார்ஜரோடு மேலே வந்தாள்.

"நான் கீழை போகாட்டி முழுக் கட்டடமும் எரிஞ்சிருக்கும்."

மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் விடேல்லை எண்டு எனக்கு முதலே தெரியும். தானா நிக்கிற சார்ஜரா வாங்கி, என்ரை கண்ணுக்கு முன்னாலை வையுங்கோ."

நல்ல சார்ஜருக்குச் சில பிராங்குகள்தான் கூடக் கொடுத்தேன். இப்போது அது குசினியில், அவள் சமைக்கும் இடத்தில் இருக்கிறது. பச்சை விளக்கு வந்ததும் அவளே பற்றரியைக் கழற்றி, என் கையில் தருகிறாள். பொய் சொன்ன நாட்களில் வராத வெட்கம், அதை வாங்கும்போது வருகிறது.